படகுக்குள் ஒரு சிவப்புக் கோடு

தண்ணீரில் கோடு போட முடியாது என்று நினைக்கிறவர்கள் அரசாங்க அலுவலகத்தின் வாசற்படியை மிதிக்காத புண்ணியவான்கள். எங்கள் ஏரியில் கோடு இருக்கிறது. ஆறு ஆறாக ஓடிய காலத்தில் அதன் நடுத்தடம்தான் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை. பிறகு அணை கட்டினார்கள், ஆறு ஏரியாயிற்று, வயல்களும் ஒரு தபால் ஆபீசும் முழுகிப் போயின. எல்லை மட்டும் எண்பதடி ஆழத்தில் போட்டது போட்டபடி கிடக்கிறது. அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் மேலே படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன் எந்த மாநிலத்து லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஏரிக்குப் பெயரும் இரண்டு. மேற்குக் கரையில் ஒரு பழைய கவர்னர் பெயர், கிழக்குக் கரையில் வேறொரு பழைய கவர்னர் பெயர். இரண்டு பேரும் ஆயுளில் ஒரு கெளுத்தியாவது பிடித்ததாகத் தகவல் இல்லை.

டெல்மர் ஸ்காக்ஸ் மேற்குக் கரைக்காரர். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய சிநேகிதர் குளோவிஸ் யான்சி கிழக்குக் கரையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். சனிக்கிழமை காலை ஆறரைக்கு டெல்மர் அணைமேல் ரோட்டைக் கடந்து போய் குளோவிஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். டெல்மரின் தட்டையான அலுமினியப் படகில் இருவரும் இறங்குவார்கள். தூண்டில் இரைக்குக் கோழி ஈரல் ஒரு டப்பா, உப்பு பிஸ்கட் ஒரு பொட்டலம், ஒரு ஜாடி இனிப்பு டீ, காப்பி டின்னில் சிமெண்ட் ஊற்றிச் செய்த நங்கூரம். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் குளோவிஸுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் சிகரெட்டை நிறுத்தினார், பன்றிக் கொழுப்பை நிறுத்தினார், கார் ஓட்டுவதை நிறுத்தினார், டெலிவிஷன் செய்தியோடு சண்டை போடுவதையும் நிறுத்தினார். மீன் பிடிப்பதை மட்டும் விட்டுவைத்தார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஒரு சின்ன டின்னில் எந்நேரமும் சட்டைப் பையில் கிடந்தது. குளோவிஸின் மனைவி இமோஜீன் சனிக்கிழமை தவறாமல் வாசலில் நின்று டெல்மரிடம் ஒரே பாட்டைப் பாடுவாள்.

"மத்தியானம் பன்னெண்டுக்குள்ள இவரை முழுசா என் வாசல்ல இறக்கி விட்டுடணும், டெல்மர். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை இறக்கி விடுவியே, அந்த மாதிரி. படி ஏறி உள்ள போற வரைக்கும் நீ வண்டியை எடுக்கக் கூடாது."

டெல்மர் தொப்பியைத் தொட்டுக்காட்டிச் சரி என்பார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தப்பான வாசலில் இறக்கியதில்லை அவர். இந்த ஒரு கிழட்டுப் பிள்ளையை இறக்கிவிடுவது பெரிய காரியமா என்றுதான் அப்போது நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு மாநிலங்களும் ஒத்துழைக்க முடிவு செய்தன. சண்டை போட்டுக்கொண்டு இருந்தவரைக்கும் மீன் பிடிக்கிறவன் நிம்மதியாக இருந்தான். இப்போது கூட்டு நீர்ப்பரப்பு ஆணையம் என்று ஒன்று வந்தது. அதற்கு இரண்டு கரையிலும் இரண்டு கட்டடம், நாலு வேகப்படகு, அறுபத்து நாலு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் முதல் வாக்கியத்தைப் படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். பொதுவான நீரில் ஒரு மாநிலத்தின் லைசென்ஸை மற்ற மாநிலமும் மதிக்கும் என்று எழுதியிருந்தது. பொதுவான நீர் எது என்று நாற்பத்தோராம் பக்கத்தில் விளக்கம். முழுக்க மேற்கு மாநிலத்துக்குச் சொந்தமான நீர் பொதுவானது அல்ல. முழுக்கக் கிழக்கு மாநிலத்துக்குச் சொந்தமான நீரும் பொதுவானது அல்ல. இரண்டையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? கோடு. கோட்டுக்கு அகலம் கிடையாது. அகலமே இல்லாத அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்த லைசென்ஸை வைத்துக்கொண்டும் தாராளமாக மீன் பிடிக்கலாம்.

இதெல்லாம் நம் கிழவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை வழக்கம்போல மேற்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். மேற்கு மாநிலத்து மீன்வளக் காவலர் ஹாலிஸ் படகில் வந்தார். சின்ன வயதில் டெல்மரின் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனவர். ரொம்பச் சங்கடத்தோடு பேசினார். மிஸ்டர் டெல்மர் மேல் குற்றமில்லை, மிஸ்டர் குளோவிஸிடம்தான் இந்தப் பக்கத்து லைசென்ஸ் இல்லை என்று சொல்லி ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். வம்பே வேண்டாம் என்று இருவரும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்கே இருபதடி தள்ளிப் போய்ப் போட்டார்கள். அந்தப் பக்கத்துக் காவலர் ரோஸ்கோ வந்தார். அவருக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. குளோவிஸ் மேல் குற்றமில்லை, டெல்மரிடம்தான் லைசென்ஸ் இல்லை என்று அவர் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் குற்றவாளிகள். பிடித்த மீன் பூஜ்யம்.

அடுத்த வாரம் மீன் கிடைத்தது, அதில் வேறு தொல்லை. மேற்கு மாநிலத்தில் பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்த கெளுத்தியை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது குஞ்சு. கிழக்கு மாநிலத்தில் பதினைந்து அங்குலத்துக்கு மேற்பட்ட கெளுத்தியை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது தாய். ஒப்பந்தப்படி கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சட்டமும் பொருந்தும். ஆக, வாழ்நாளில் சரியாகப் பதினைந்து அங்குலத்தில் வந்து நிற்கிற அந்த ஒரு நாளில் மட்டும் கெளுத்தி மனுஷன் கையில் மாட்டலாம்.

குளோவிஸின் அதிர்ஷ்டம், அப்படி ஒன்று மாட்டிவிட்டது. அளந்தார்கள். பதினைந்து. ஹாலிஸ் வந்து அளந்தார். பதினைந்து. கை குலுக்கினார்கள். ரோஸ்கோ காப்பி குடித்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மீன் செத்து வெயிலில் வால் சுருண்டு போயிருந்தது. அவர் அளந்தபோது அரைக்கால் அங்குலம் குறைந்தது. குறைந்தால் தம்முடைய மாநிலத்தில் குற்றமில்லை, ஆனால் ஹாலிஸின் மாநிலத்தில் குற்றம் என்று ரோஸ்கோ பெருந்தன்மையோடு ஹாலிஸைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தார். இதற்குப் பெயர்தான் ஒத்துழைப்பு.

"பிடிக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு," என்றார் குளோவிஸ். "செத்தா எல்லாருமே கொஞ்சம் சுருங்கத்தான்யா செய்வோம்."

அதைச் சாட்சியமாக எழுதிக்கொள்ள முடியாது என்றார் ரோஸ்கோ.

டெல்மருக்கு வெறுத்துப் போய்விட்டது. மீனும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடலாம் என்றார். குளோவிஸ் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்றார். இமோஜீனும் அதையே சொன்னாள். வீட்டில் இருக்கிற நாட்களில் அவர் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து மூச்சு வாங்குகிறார், சனிக்கிழமை ஒருநாள்தான் ராத்திரி முழுக்கத் தூங்குகிறார் என்றாள். நண்பன் உயிர் அந்தப் படகில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு டெல்மர் என்ன செய்வார்? ஆணையத்துக்கு மனுப் போட்டார்.

விசாரணை ஏரிக்கரை ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. ஆணையத்தின் தலைவர் புரூஸ்டர் வெள்ளை முடியை வழித்துச் சீவிய பெரிய மனிதர். இரண்டு மாநிலக் கொடிகளுக்கும் நடுவில், எதன் பக்கமும் சாய்ந்துவிடாமல் ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தார். மனுவைப் படித்து அவர் மனம் உருகிவிட்டது. இந்த இரண்டு நண்பர்களுக்காகத்தான் இந்த ஆணையமே இருக்கிறது என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"முன்னாடி இந்த ஏரியில வருஷத்துக்கு மூணு தகராறு வரும். ஒப்பந்தம் வந்ததுக்கப்புறம் இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு. அத்தனையையும் நாங்கதான் தீர்த்து வச்சோம். ஆணையம்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா இந்த நானூத்திப் பன்னெண்டையும் யாரு தீர்த்திருப்பா, நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். கைதட்டினார்கள்.

வழியைக் கண்டுபிடித்தவர் குளோவிஸ்தான். முடிவெட்டுகிறவருக்கு வகிடு எடுக்கச் சொல்லித்தரவா வேண்டும்? படகைக் கோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, இரண்டு முனையிலும் நங்கூரம் போட்டுவிட்டால் போதும், டெல்மர் மேற்குப் பாதியில் மேற்கு லைசென்ஸோடு உட்காரலாம், தான் கிழக்குப் பாதியில் கிழக்கு லைசென்ஸோடு உட்காரலாம் என்று எழுந்து நின்று சொன்னார். புரூஸ்டர் அசந்துபோனார். ஆணையத்தின் சொந்த மூளையில்கூட இவ்வளவு சுத்தமான முட்டாள்தனம் உதித்ததில்லை. அங்கேயே அனுமதி கொடுத்தார். அனுமதியோடு ஒன்பது நிபந்தனைகளும் வந்தன.

படகின் நடுவில் குறுக்கே இரண்டு அங்குல அகலத்துக்குச் சிவப்புக் கோடு வரைய வேண்டும். மோட்டாரைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் மோட்டார் உள்ள படகுக்குக் கோட்டைத் தாண்டும் எண்ணம் உண்டு என்று சட்டம் கருதுகிறது. காலை ஏழு மணிக்கு இரண்டு காவலர்களும் சேர்ந்து படகை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டின்மேல் நிறுத்துவார்கள், பன்னிரண்டு மணிக்குத் திரும்ப இழுத்து வருவார்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு துடுப்பு வைத்துக்கொள்ளலாம். அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். மீன் திருட்டைக் கண்டால் கூப்பிட வேண்டிய கூட்டுத் தொலைபேசி எண்ணை அந்த அட்டையின் பின்புறத்தில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

குளோவிஸ் கடைக்குப் போய்ச் சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து தன் கையாலேயே கோட்டை வரைந்தார். நூல் பிடித்த மாதிரி வந்தது. மூன்று சனிக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. டீ ஜாடியைக் கோட்டைத் தாண்டிக் கொடுக்கும்போது ஏதாவது லைசென்ஸ் வேண்டுமா என்று குளோவிஸ் கேலி பேசுவார். மேற்கே விழுந்த தூண்டிலின் மீன் படகுக்கடியில் கிழக்கே ஓடினால் இருவரும் மரியாதையாக அதை அறுத்து விட்டுவிடுவார்கள். பன்னிரண்டுக்கு டெல்மர் நண்பனை வாசலில் இறக்கிவிட்டு, கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

நாலாவது சனிக்கிழமை, மே மாதம், காற்று கொஞ்சம்கூட இல்லை. ஒன்பது நாற்பதுக்கு குளோவிஸ் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். தூண்டிலைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து டின்னை எடுத்தார், அது கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. இரண்டு பேரும் அது போன இடத்தையே பார்த்தார்கள். பிறகு குளோவிஸ் முன்பக்கமாகச் சரிந்து குப்புற விழுந்தார். தலையும் நெஞ்சும் டெல்மர் பக்கம், இடுப்பும் காலும் தன் பக்கம், நடுவில் அவரே வரைந்த கோடு.

டெல்மர் பஸ் டிரைவர். முதலுதவி படித்தவர். நண்பனை மல்லாத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். கரை இரண்டு பக்கமும் ஒன்றரை மைல். நெஞ்சை அமுக்கினால் துடுப்புப் போட முடியாது, துடுப்புப் போட்டால் நெஞ்சை அமுக்க முடியாது. போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி பக்கத்தில் வைத்தார். மேற்கு மாநிலத்துப் பெண் ஒருத்தி எடுத்தாள். குரலில் அத்தனை கனிவு. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஏரி நடுவில், சரியாகக் கோட்டின்மேல், நெஞ்சுவலி, சீக்கிரம் படகு அனுப்புங்கள் என்றார். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். குறுக்கே கிடக்கிறான் என்றார்.

"அவரு எந்த மாநிலத்துக்காரரு சார்?"

"கிழக்கு."

"அப்ப நான் கிழக்குக்கு மாத்தி விடறேன். வச்சிடாதீங்க."

கிழக்கு மாநிலத்துப் பெண்ணும் கனிவில் குறைந்தவள் அல்ல. பெயர் கேட்டாள், வயது கேட்டாள். டெல்மர் அமுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"உடம்புல எந்த இடத்துல சார் பிரச்சினை?"

"நெஞ்சுலம்மா."

"நெஞ்சு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

டெல்மர் வாழ்க்கையில் ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதாதவர். அந்த நேரத்திலும் வாயில் உண்மைதான் வந்தது. மேற்குப் பக்கம் என்று சொல்லிவிட்டார்.

"கால்ல ஏதாவது ஆகியிருந்தா நாங்க உடனே வந்திருப்போம் சார். நெஞ்சு அவங்களோடது. மாத்தி விடறேன்."

மாற்றுகிற இடைவெளியில் ஏதோ ஒரு கிடார் சங்கீதம் வந்தது. டெல்மருக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. அமுக்குவதை நிறுத்திவிட்டு, குளோவிஸை அக்குளில் பிடித்து உந்தித் தள்ளி, நெஞ்சைக் கோட்டுக்குக் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். டெல்மருக்கு மூச்சு இரைத்தது. திரும்ப அமுக்க ஆரம்பித்தபோது போனில் மேற்குப் பெண் வந்தாள். இப்போது நெஞ்சு எங்கே என்று கேட்டாள். கிழக்கே என்றார். ஆள் முழுக்கக் கிழக்குப் பக்கம் வந்துவிட்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியானால் விஷயம் சுலபம், இனி குழப்பமே இல்லை என்று சந்தோஷப்பட்டு, அவரை மறுபடி கிழக்குக்கு மாற்றினாள். கிடார் மறுபடி ஆரம்பித்தது.

டெல்மர் அழுதார். கடவுளே கடவுளே என்று அழுதுகொண்டே அமுக்கினார். ஒவ்வொரு முறை குனியும்போதும் கழுத்தில் தொங்கிய அட்டை குளோவிஸின் மூக்கில் இடித்தது. அதைப் பிடுங்கி எறியப் போனவர் பின்புறத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். கிடாரை அணைத்துவிட்டு அந்த எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"இங்க ஒருத்தன் லைசென்ஸ் இல்லாம மீன் பிடிக்கிறான்," என்றார் டெல்மர். "பெரிய மீனு. இருபது இஞ்ச் இருக்கும்."

எந்தப் பக்கம் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. ஆறு நிமிஷத்தில் நாலு படகுகள் வந்தன. இரண்டு மேற்கிலிருந்து, இரண்டு கிழக்கிலிருந்து, விளக்கு சுழல, சைரன் அலற. அந்த வேகத்தில் எழுந்த அலையில் டெல்மரின் படகு கவிழப் பார்த்தது. ஹாலிஸ் படகு நிற்பதற்கு முன்பே தாவிக் குதித்தார். மிஸ்டர் டெல்மரைத் தள்ளிவிட்டு அவரே நெஞ்சை அமுக்கினார். பிறகு குளோவிஸைத் தன் படகில் தூக்கிப்போட்டு, எந்தக் கரை என்று பார்க்காமல் பக்கத்தில் தெரிந்த கரைக்கு ஓட்டினார். ஒப்பந்தத்தில் இதற்கு இடம் உண்டா என்று அவர் யோசிக்கவில்லை. அதற்காகப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்டார்கள்.

ரோஸ்கோ அங்கேயே நின்றார். மீன் எங்கே என்று கேட்டார். பிறகு குளோவிஸ் கீழே வைத்த தூண்டிலைப் பார்த்தார். அதன் முள்ளும் ஈரலும் இன்னும் தண்ணீருக்குள் இருந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி பத்து நாலு என்று குறித்துக்கொண்டார்.

குளோவிஸ் இறந்துவிட்டார். ஒன்பது ஐம்பத்தைந்து வாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதினார். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு டெல்மர் அந்த வாசலுக்குத் தனியாகத்தான் போனார். இமோஜீன் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கிழக்குக் கரை மெதடிஸ்ட் சர்ச் கல்லறையில் அடக்கம் நடந்தது. எல்லாரும் கிளம்பின பிறகும், குழியை மூடி மண்ணைத் தட்டிச் சமப்படுத்தும்வரை, டெல்மர் வண்டியை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று இமோஜீனுக்கு. அவள் அதைத் தூக்கிக்கொண்டு அணைமேல் ரோட்டில் தானே வண்டி ஓட்டி டெல்மர் வீட்டுக்கு வந்தாள்.

"என் புருஷன் லைசென்ஸ் இல்லாம மீன் பிடிச்சாராம்," என்றாள். "முப்பது வருஷமா ஜனவரி மாசம் பொறந்ததும் முதல் ஆளா போய் எடுப்பாரே, டெல்மர். டிராயர் நிறைய வச்சிருக்கேன்."

விஷயம் ஒப்பந்தத்தின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர் இறந்த கணமே லைசென்ஸும் காலாவதி ஆகிறது. ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் காலாவதி. பத்து நாலுக்குத் தூண்டில் தண்ணீரில். ஆக, குளோவிஸ் யான்சி ஒன்பது நிமிஷம் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்திருக்கிறார்.

இரண்டாவது கடிதம் டெல்மருக்கு. அவர் கொடுத்த தகவல் முற்றிலும் சரியென்று நிரூபணமாகிவிட்டதால், ஆணையம் அவரை ஆண்டுக் கூட்டத்தில் கௌரவிக்க விரும்புகிறது. அவசியம் கோட்டு சூட்டில் வரவும்.

போகக்கூடாது என்றுதான் டெல்மர் முதலில் நினைத்தார். பிறகு, குளோவிஸின் பெயரைக் கழுவ வேறு இடம் ஏது என்று போனார். அதே ஓட்டல் மண்டபம், அதே கொடிகள். புரூஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"ஆறு நிமிஷம். ரெண்டு மாநிலம், நாலு படகு, ஆறே நிமிஷம். கோட்டுக்கு எந்தப் பக்கம்னு ஒருத்தர்கூட கேட்கலை. இதைவிட ஒற்றுமை வேற எங்க இருக்கு? நட்புன்னுகூடப் பார்க்காம கடமையைச் செஞ்சாரு பாருங்க இந்தப் பெரியவரு, இவரை மாதிரி ஏரிக்கு ஆயிரம் பேர் வேணும்."

ஒரு தொப்பியும் ஒரு மரப் பலகையும் கொடுத்தார்கள். தொப்பியில் ஏரியின் இரண்டு பெயர்களும் இருந்தன. டெல்மர் அவற்றை மேஜைமேல் வைத்துவிட்டு மைக்குக்குக் குனிந்தார்.

"நான் சொன்னது பொய்," என்றார். "அவன்கிட்ட லைசென்ஸ் இருந்துச்சு. மனுஷன் சாகறான்னு பதினெட்டு நிமிஷம் சொல்லிப் பார்த்தேன், யாரும் வரலை. அதான் மீன்னு சொன்னேன். பொய் சொன்னதுக்கு என்னைப் பிடிச்சுப் போடுங்க. அவன் பேர்ல இருக்கறதை எடுத்துடுங்க."

முன்வரிசையில் ஹாலிஸ் தலையைக் குனிந்துகொண்டார். புரூஸ்டர் கிழவரின் தோளில் கையைப் போட்டு, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அன்போடு விளக்கினார். அதற்கு வழியில்லை. இந்த வருஷம் இரண்டு மாநிலமும் சேர்ந்து உறுதி செய்த ஒரே வழக்கு இதுதான். ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது. அட்டையில் நாலு படகுகளின் படமும் போட்டாயிற்று. டெல்மர் சொன்னது பொய் என்றால் அந்த நாலு படகும் அன்றைக்கு எதற்காகப் போயின என்று சட்டசபையில் கேட்பார்கள்.

"ஆம்புலன்ஸ் வராத விஷயம் வேற இலாகா," என்றார் கடைசியாக. "அவங்களுக்குத் தனியா எழுதுங்க. நானும் வருத்தப்பட்டதாச் சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. யாரோ தொப்பியை எடுத்து டெல்மரின் தலையில் வைத்தார்கள்.

அவர் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே ஏரி வெயிலில் கிடந்தது. கோடு எங்கேயும் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேற்கு மாநிலத்து அவசர உதவிக்காரி. அதே கனிவான குரல். மே மாதம் அவர் கூப்பிட்ட அழைப்பு ஒன்று இன்னும் முடிக்கப்படாமல் கிடக்கிறதாம். ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம்.

"நோயாளி இப்ப எந்தப் பக்கம் இருக்காரு சார்?"

டெல்மர் தொப்பியை வண்டியின் மேல் வைத்தார்.

"கிழக்கும்மா," என்றார். "மெதடிஸ்ட் கல்லறை. தலை, நெஞ்சு, காலு, எல்லாம் அந்தப் பக்கந்தான். முழுசா இருக்கான்."

"அப்ப அது எங்களோடது இல்லை சார். கிழக்குக்கு மாத்தி விடறேன், வச்சிடாதீங்க."

கிடார் சங்கீதம் ஆரம்பித்தது. டெல்மர் போனை வைக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பவில்லை. அந்தப் பக்கம் யாராவது எடுக்கும்வரை காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.